பீரங்கி இழுத்த மாடுகள்

இந்நாளில் பெங்களூரில் ஓரளவு பொருள் வசதியும், ஊர் சுற்றும் வேட்கையும், முதுகெலும்பில் போதிய உறுதியும் வாய்த்தவர்கள் நால்வர் ஒன்றுகூடினால், லடாக்கின் மேட்டுப் பாலைக்கோ ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கோ கட்ச் உப்பு வெளிக்கோ சென்று மீள்வதற்கு எந்த வாகனம் தகுதியானது என்ற விவாதம் எழாமல் இராது. ஒருவர் மகிந்திராவின் தாரைப் புகழ்வார். மற்றொருவர், உற்பத்தி நின்றுபோன பழைய ஜிப்ஸிக்கு ஈடு எதுவுமில்லை என்பார். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஏற்பாடு, தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் இடையிலுள்ள உயரம், கூரைமேல் ஏற்றக்கூடிய பாரம், எண்ணெய் தீருமுன் கடக்கக்கூடிய தூரம், நடுக்காட்டில் ஆக்ஸில் முறிந்தால் அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரில் இருப்பான் என்பன போன்ற கேள்விகள் நள்ளிரவு வரையில் நீளும். இவற்றைக் கேட்குந்தோறும், இதே ஊரில் 1791ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் இதே கேள்விகளை ஆங்கிலக் கும்பினியின் கவர்னர் ஜெனரலும் சேனாதிபதியுமான காரன்வாலிஸ் பிரபு தோல்வியின் கசப்போடு ஆராய்ந்துகொண்டிருந்தார் என்ற நினைவு எனக்கு வரும். அவருடைய வாகனம் நான்கு கால் படைத்தது; புல் தின்றது; அதைத் தேர்ந்தெடுப்பதில் அவர் செய்த பிழை ஒரு யுத்தத்தின் முடிவையே பல மாதம் தள்ளிப்போட்டது.

நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். திப்பு சுல்தானை அவருடைய தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே சென்று வெல்வதென்று தீர்மானித்த காரன்வாலிஸ், 1791 பிப்ரவரியில் வேலூரில் சேனையைத் திரட்டி, ஆம்பூர்க் கணவாய் வழியாக ஏறுவதுபோல் பாவனை செய்து, திடீரென வடக்கே திரும்பி, முகிலிக் கணவாய் வழியாக மைசூர்ப் பீடபூமியின்மேல் ஏறினார். கோலாரும் ஹொசகோட்டையும் எதிர்ப்பின்றி வசமாயின. மார்ச் 7ஆம் தேதி பெங்களூர்ப் பேட்டையும், மார்ச் 21ஆம் தேதி இரவில் கோட்டையும் வீழ்ந்தன. இதுவரையில் எல்லாம் எண்ணியபடியே நடந்தது. மே மாதத் தொடக்கத்தில் பெங்களூரை விட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்ட சேனை, நேர்வழியிலுள்ள ஊர்களைத் திப்பு எரித்துப் பாழாக்கியிருந்தபடியால், கனகபுரம் பக்கமாகக் காடும் குன்றும் நிறைந்த சுற்றுவழியில் சென்றது. மே 15ஆம் தேதி அரிகெரெயில் நிகழ்ந்த போரில் காரன்வாலிஸ் வெற்றியும் பெற்றார். ஆயினும் அந்த வெற்றிக்குப் பதினொரு நாட்களுக்குப்பின், மே 26ஆம் தேதி, வென்ற சேனை தோற்ற சேனையைப்போல் பெங்களூருக்குத் திரும்பி நடக்கத் தொடங்கிற்று. திரும்புமுன், கோட்டைச் சுவரை உடைப்பதற்கென்று கடற்கரையிலிருந்து மலைமேல் இழுத்து வந்திருந்த பெரும் பீரங்கிகளைத் தன் கையாலேயே வெடிவைத்துச் சிதைத்து மண்ணில் புதைத்துவிட்டது. காரணம், அவற்றை இழுக்க மாடுகள் இல்லை. தீனியின்றியும் நோய் கண்டும் அவை வழியெங்கும் செத்து விழுந்துவிட்டன. கடைசி நாட்களில் சிப்பாய்களே பீரங்கி வண்டிகளைத் தோள்கொடுத்து இழுத்தார்கள்.

இருபத்துநான்கு பவுண்டுக் குண்டு சுடும் இரும்புப் பீரங்கி ஒன்றின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். அதற்கு வண்டியும், குண்டும், மருந்தும், அவற்றைச் சுமக்கும் வண்டிகளும், அவ்வண்டிகளை இழுக்கும் மாடுகளுக்குத் தீனி சுமக்கும் மாடுகளும் என்று சங்கிலிபோல் நீளும் இந்தப் பரிவாரத்தில் எந்தக் கண்ணி அறுந்தாலும் முழுதும் நின்றுபோகும். கும்பினியார் இந்தக் கண்ணிகளைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குத்தகைதாரர் தலைக்கு இவ்வளவு என்று பணம் பெற்றுக்கொண்டு, கிழக்குக் கரையோரத்துக் கர்நாடகச் சமவெளியின் கிராமங்களில் ஏரும் கவலையேற்றமும் இழுத்துச் சலித்த மாடுகளைப் பிடித்துக் கொணர்ந்து நிறுத்தினார். எண்ணிக்கை சரியாக இருந்தால் கணக்கும் சரியாக இருந்தது. மாட்டின் பல்லைப் பார்ப்பதும் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதும் எவருடைய வேலையென்று எந்தச் சாசனத்திலும் எழுதியிருக்கவில்லை. வயலின் சேற்றில் நடந்து பழகிய குளம்பு, மைசூர் மேட்டின் கரளைப் பாறையில் எத்தனை நாள் தாங்கும்? கொள்ளும் பிண்ணாக்கும் கண்டு பழகிய வயிறு, எரிந்த கிராமங்களின் நடுவே காய்ந்த புல்லை மென்று எத்தனை நாள் நடக்கும்?

வேறு வாகனங்கள் இல்லாமல் இல்லை. யானை இருந்தது, சேற்றில் புதைந்த பீரங்கியை நெற்றியால் முட்டிக் கரையேற்றுவதில் அதற்கு நிகர் வேறொன்றில்லை, ஆனால் நாளொன்றுக்கு அது தின்னும் தழையைத் தேடவே ஒரு படை வேண்டும். ஒட்டகம் மணலுக்கு நன்று. மழை பெய்து வழுக்கும் களிமண்ணில் அதன் கால் அகன்று இடுப்பு முறிந்துவிடும். குதிரை விரைவானது; அது விலையிலும் தீனியிலும் பிரபு வம்சத்தைச் சேர்ந்தது. எருது ஒன்றுதான் வழியில் கிடைத்ததைத் தின்று, இரவில் படுத்து அசைபோட்டு, விடியலில் மறுபடி நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுக்கும் பிராணி. ஆகவே எருதே தக்கது என்பதில் அக்காலத்துச் சேனாதிபதிகளுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. எந்த எருது என்பதில்தான் எல்லாம் இருந்தது. அதற்கு விடை காரன்வாலிஸின் எதிரியிடம் இருந்தது.

மைசூரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவதற்காகப் பசுமந்தைகளைச் சேர்த்து, ‘பெண்ணெ சாவடி’ என்ற பெயரில் ஓர் இலாகாவையே ஏற்படுத்தினார். பெண்ணெ என்றால் கன்னடத்தில் வெண்ணெய். மந்தைகள் மேய்வதற்கென்று ‘காவல்’ எனப்படும் புல்வெளிகள் இராச்சியத்தின் பல பாகங்களிலும் ஒதுக்கப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் திப்புவின் தந்தை ஹைதர் அலி அதிகாரத்துக்கு வந்தபோது, அரண்மனை நெய்க்காக வளர்ந்த இந்த மந்தைகளின் காளைக் கன்றுகளில் வேறொரு பயன் அவர் கண்ணுக்குப் பட்டது. தாம் அடக்கிய பாளையக்காரர்களின் மந்தைகளிலிருந்தும் நல்லினங்களைப் பொறுக்கிச் சேர்த்து, இராச்சியமெங்கும் அறுபதாயிரம் எருதுகள் வைத்திருந்தார் என்று சொல்வார்கள். திப்பு அந்த இலாகாவுக்கு ‘அமிர்த மகால்’ என்று புதுப்பெயர் சூட்டி, மந்தைகளைப் பேணும் விதம்பற்றி ஹுக்கும்நாமா என்ற விரிவான ஆணைப்பத்திரம் ஒன்றும் பிறப்பித்தார்.

ஹைதர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வரலாற்றாசிரியர்கள் ஓயாமல் சொல்வதுண்டு. ஆனால் ஒரு வாகனத்தின் தகுதி அது வாங்கப்படும் நாளில் அல்லாமல் அது வளரும் புல்வெளியில் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதை, கல்கத்தாவிலும் லண்டனிலும் கல்வி கற்ற கணக்கர்கள் எவருக்கும் முன்பாக அறிந்திருந்தவர் அவரே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வளர்ப்பு முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். காவல்கள் மூவகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன: கோடைக் காவல், மழைக் காவல், குளிர்காலக் காவல். கோடையில் ஏரிகளின் வற்றிய படுகையும் மரநிழலும் உள்ள இடங்களிலும், மழை பெய்ததும் புதுப்புல் முளைக்கும் மேட்டு நிலங்களிலும் என்று பருவத்துக்குப் பருவம் மந்தைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. கன்று பிறந்த நாள்முதல் நடையிலேயே வளர்ந்தது. தொழுவம் என்பதை அறியாது. தானியம் கொடுத்துக் கொழுக்கவைக்கும் வழக்கமும் இல்லை. கிடைத்த புல்லில் உடலை நிறுத்திக்கொள்ளப் பழகிய மாட்டுக்கு, படையெடுப்பின்போது தீனி சுமக்கும் இரண்டாவது மாடு தேவையில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிக்கனத்தின் இராணுவ அர்த்தம் விளங்கும். மேய்ப்பர்களைத் தவிர வேறு மனிதரைக் காணாமல் வளர்ந்த இம்மாடுகள் பாதி வனவிலங்குகள். அந்நியன் நெருங்கினால் மந்தை முழுதும் கொம்பைத் தாழ்த்தித் திரும்பி நிற்கும் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த முரட்டுப் பிராணியைப் பீரங்கிக்குப் பழக்குவது ஒரு தனிக் கலை. நாலைந்து வயதில் காயடித்த எருதுகளை, பழக்கும் பருவம் வந்ததும் பட்டியில் அடைத்து, சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து, பூமியில் ஆழ நட்ட பருத்த கம்பங்களில் கட்டிவிடுவார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம், கையால் புல் ஊட்டியும் தடவிக்கொடுத்தும், மனிதனுடைய வாடை பகைவனுடைய வாடையல்ல என்று அதற்குப் புரியவைப்பார்கள். அதன்பின் வெறி தணிந்த எருதைப் பழகிய எருதொன்றோடு பிணைத்து நடக்கவிடுவார்கள். முதலில் வெறும் கயிறு, பிறகு நுகம், பிறகு நுகத்தோடு இழுவை, கடைசியில் பாரம். ஏழு வயதில் அது தன் முழு வலிமையை எய்தும். பன்னிரண்டுக்குப்பின் தளர்ச்சி தொடங்கும். பதினான்கு பதினைந்து வயது வரையில் உழைக்கும். ஆகவே இன்று போர் மூண்டால் இன்றைக்கு எருது கிடைக்காது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு எவனோ ஒருவன் போரை எதிர்பார்த்துப் பசுவைக் காவலில் விட்டிருக்க வேண்டும். நம் நாட்டுச் சம்சாரிகள் சந்தையில் எருதின் வாயைத் திறந்து, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும், சுழி பார்ப்பதும், நடக்கவிட்டுப் பின்னங்கால் சுவடு முன்னங்கால் சுவட்டின்மேல் விழுகிறதா என்று பார்ப்பதும் யாவரும் அறிந்தது. அமிர்த மகால் அதிகாரிகளோ மாட்டின் தாயையும் தாயின் தாயையும் பார்த்தார்கள்.

பார்வைக்கும் அது தனி அழகுடையது. சாம்பல் நிற உடல், ஒடுங்கி நீண்ட முகம், நெற்றியிலிருந்து நெருங்கிப் புறப்பட்டுப் பின்னோக்கி வளைந்து, நுனியில் ஈட்டிபோல் கூர்ந்து நிற்கும் கொம்பு, இறுகிய தசை, சிறிய கடினமான குளம்பு. நம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் காணப்படும் ஹள்ளிகார் மாட்டை அறிந்தவர்களுக்கு அமிர்த மகாலை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

இவை செய்த காரியங்களை மைசூர் கெஜட்டியர் பெருமையோடு அடுக்கிச் சொல்லும். 1781இல் கும்பினிப் படைகள் சிதம்பரத்தைத் தாக்கியபோது, ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து வந்து சேர்ந்தார். தோல்வியுற்ற போர்களிலுங்கூட எதிரியின் கண்ணெதிரிலேயே தம் பீரங்கிகளை அவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். திப்பு பெதனூரை மீட்பதற்காகக் கிழக்குக் கரையோரத்திலிருந்து மேற்கு மலைத்தொடர் வரையில் தீபகற்பத்தை ஒரு மாதத்தில் கடந்தார். ஜெனரல் மெடோஸுக்கு முன்னால் இரண்டு நாளில் 63 மைல் நடந்தார். இவற்றில் சேனாதிபதியின் திறமை எவ்வளவு, எருதின் திறமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அரிது. திறமையுள்ள சேனாதிபதிக்கு எருது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அரிகெரெ காட்டிவிட்டது.

இனிப் பெங்களூரில் மழையில் நனைந்துகொண்டிருந்த காரன்வாலிஸிடம் திரும்புவோம். ஹைதரைப்போல் ஏழாண்டு காத்திருக்க அவருக்கு அவகாசமில்லை. ஆகவே அவர் வேறு மூன்று வழிகளை ஒன்றாகக் கையாண்டார். முதலாவது, தூரத்தையே குறைப்பது: கர்நாடகச் சமவெளியிலிருந்து பெங்களூருக்கு வரும் பாதையைக் காவல்செய்த மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாக வசப்படுத்தினார். ஓசூரும் இராயக்கோட்டையும் ஜூலையிலேயே வீழ்ந்தன. கிருஷ்ணகிரி மட்டும் கடைசிவரை வணங்கவில்லை. அவ்வழியே ஆகஸ்டில் வந்து சேர்ந்த ஒரு பரிவாரத்தை அச்சேனையிலிருந்த மேஜர் திரோம் வருணித்திருக்கிறார்: பணமூட்டை சுமந்து இரண்டிரண்டாக நடந்த 100 யானைகள், அரிசி சுமந்த 6,000 எருதுகள், சாராயம் ஏற்றிய 100 வண்டிகள். யானைக்குப் பணமும் வண்டிக்குச் சாராயமும் என்ற இந்தப் பங்கீட்டில் கும்பினியின் பொருளாதாரக் கொள்கை முழுதும் அடங்கியிருப்பதாகச் சொன்னால் மிகையாகாது.

இரண்டாவது வழி பஞ்சாராக்கள். லம்பாடிகள் என்று நாம் அழைக்கும் இந்த நாடோடி வணிகர்கள், பாதை என்பதையே பொருட்படுத்தாமல், தானியப் பொதி சுமந்த ஆயிரக்கணக்கான எருதுகளோடு தக்காணமெங்கும் திரிந்தவர்கள். குத்தகைதாரருக்குத் தலைக்கணக்கில் பணம் தருவதற்குப் பதிலாக, கொண்டுவந்த தானியத்துக்கு நல்ல விலை தந்து இவர்களை வசப்படுத்தும் பொறுப்பு காப்டன் அலெக்ஸாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் பாராமகாலின் முதல் கலெக்டராகச் சேலம், தர்மபுரிப் பகுதிகளில் நிலவரி ஏற்பாடு செய்தவர் இவரே. பஞ்சாராவின் எருது அவனுடைய சொந்த எருது. அது செத்தால் அவனுக்கு நஷ்டம். ஆகவே அது சாகவில்லை. இந்த எளிய உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு பீரங்கி வரிசையைப் புதைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, வண்டி செல்லமாட்டாத இடத்தில் வண்டிக்கு வழி செய்தல். 1780இல் சென்னையில் திரட்டப்பட்ட பயனியர் படையினர், பெரும்பாலும் தமிழ் பேசிய மக்கள், மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திச் சேனைக்கு முன்னே நடந்தார்கள். நந்திதுர்க்கத்தின் செங்குத்தான சரிவில் பீரங்கி ஏறும்படி பல நாள் உழைத்துப் பாதை வெட்டியவர்களும், மூங்கில் புதர் மண்டிய சாவனதுர்க்கத்தின் அடிவாரத்தில் காட்டைக் கழித்தவர்களும் அவர்களே. நந்திதுர்க்கம் அக்டோபரிலும் சாவனதுர்க்கம் டிசம்பரிலும் வீழ்ந்தன. 1792 பிப்ரவரியில் சேனை மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் நின்றபோது, அதன் பீரங்கிகள் அதனோடு வந்து சேர்ந்திருந்தன. மாதம் முடிவதற்குள் திப்பு உடன்படிக்கைக்கு இசைந்தார்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மடிந்தபின், அமிர்த மகால் மந்தைகளும் வென்றவர் கைக்கு வந்தன. அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தவர், மைசூரில் படைத்தலைமை ஏற்றிருந்த கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. 1800இல் தூந்தியா வாக் என்ற கலகத் தலைவனைத் துரத்திச் சென்ற நீண்ட வேட்டையிலும், 1803 மார்ச்சில் ஹரிஹரத்திலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 20ஆம் தேதி பூனாவை அடைந்த பிரயாணத்திலும் மைசூர் எருதுகள் அவருக்கு உழைத்தன. நல்ல மாடும், அதை நன்றாக ஓட்டுபவனும், நன்றாகப் பேணுதலும் இல்லாவிட்டால் விரைந்த நடை என்பது வெறும் பேச்சு என்ற கருத்து அவருடைய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபுவாகி ஸ்பெயின் நாட்டு மலைகளில் நெப்போலியனின் தளபதிகளோடு பொருதபோது, அமிர்த மகால் மாடுகள் தம்மிடம் இல்லையே என்று பன்முறை வருந்தினார் என மைசூர் நூல்கள் கூறும்.

ஆயினும் வெற்றி பெற்றவர்களுக்குப் புல்வெளி ஞாபகம் இருப்பதில்லை. மந்தைகளின் நிர்வாகம் சில ஆண்டுகள் மைசூர் சர்க்காரிடம் விடப்பட்டுச் சீர்குலைந்தது. 1813இல் சென்னைப் படையின் தளவாட இலாகாவான கமிஸரியட்டைச் சேர்ந்த காப்டன் ஹார்வி பொறுப்பேற்றபின் பத்தாண்டுகளில் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகிற்று. ஹுன்சூர் என்ற ஊர் இந்த இலாகாவின் தலைமையிடமாயிற்று. அங்கே சேணமும் வாரும் செய்யத் தோல் பதனிடும் சாலையும், கம்பளி நெய்யும் சாலையும், மரக் கிடங்கும் அமைந்தன. எருதும் வாரும் போர்வையும் ஒரே ஊரில் தயாராகும்படி செய்த இந்த ஏற்பாடு, நெடும்பயணத்துக்கு வாகனம் ஆயத்தம் செய்வதில் நம் நாடு கண்ட பெருந்தொழிற்கூடங்களில் ஒன்று என்று சொல்லத்தக்கது. 1842இல் ஆப்கானிஸ்தானத்துப் போரிலிருந்து திரும்பிய காப்டன் டேவிட்ஸன், 230 அமிர்த மகால் எருதுகள் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூட நுகத்தில் நின்று உழைத்ததாக அறிக்கை அனுப்பினார். பருவமழைப் புல்லில் பிறந்த பிராணி, பனி மூடிய கணவாய்களின் தேசத்திலும் தன் தொழிலை மறக்கவில்லை.

இதற்கிடையில் பெங்களூரும் மாறியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் விஷக்காய்ச்சலுக்கு அஞ்சி 1809இல் படைகள் அல்சூருக்கு அருகே குடியேறியபோது, அவற்றோடு வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வண்டிக்காரரும், லாடம் கட்டுவோரும், தச்சரும், கொல்லரும், தோல் தைப்போரும் வந்து சேர்ந்தார்கள். கன்டோன்மென்டில் இன்றளவும் ஒலிக்கும் தமிழின் ஒரு பகுதி, படை வண்டியின் சக்கரத்தைத் தொடர்ந்து மலையேறி வந்த தமிழே. பயனியர்களின் வழிவந்த மதராஸ் ஸாப்பர்கள் 1834இல் இங்கே நிலைகொண்டு, இன்றுவரை அகலவில்லை.

1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரிவெலியன் நாணயமானவர். சிக்கனத்தில் அளவு கடந்த பற்றுள்ளவர். சிப்பாய்க் கலகத்துக்குப்பின் வெறுமையாகிக் கிடந்த கஜானாவைக் கண்ட அவர் பார்வைக்கு, போரில்லாக் காலத்திலும் புல் தின்றுகொண்டிருக்கும் மந்தைகள் வீண்செலவாகத் தோன்றின. 1860இல் அமிர்த மகால் கலைக்கப்பட்டு மாடுகள் ஏலம் போயின. எகிப்து தேசத்துப் பாஷா அவற்றில் பலவற்றை வாங்கிக் கப்பலேற்றினார். அதே ஆண்டில், இந்திய சர்க்காரின் வருமான வரியை எதிர்த்துத் தாம் எழுதியதைப் பகிரங்கப்படுத்திய குற்றத்துக்காக டிரிவெலியனும் திரும்ப அழைக்கப்பட்டார். படைக்கு எருது தேவைப்பட்டபோது சந்தையில் விலை ஏறியிருந்தது. ஏறிய விலைக்கும் தரமான மாடு அகப்படவில்லை. குத்தகை முறையின் பழைய துன்பங்களெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. 1866இல், சிதறிய மந்தையில் எஞ்சியவற்றைத் தேடிப் பொறுக்கி, இலாகாவை மறுபடி நிறுவவேண்டியதாயிற்று. மிச்சப்படுத்திய பணம் எவ்வளவு, மீட்கச் செலவான பணம் எவ்வளவு என்று யாராவது ஒப்பிட்டுப் பார்த்தார்களோ என்னவோ. சர்க்கார் காரியங்களில் அத்தகைய ஒப்பீடுகளுக்கு உற்சாகம் குறைவு. 1881இல் மைசூர் மறுபடி உடையார் வம்சத்தின் ஆளுகைக்கு வந்ததை அடுத்து, மந்தைகளும் அந்த சர்க்காரிடம் சேர்ந்தன.

அதற்குள் எருதின் காலம் குறுகத் தொடங்கிவிட்டது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் வரையில் ரயில் 1864இலேயே ஓடிற்று. ரயில் போகாத இடங்களுக்கு மோட்டார் வந்ததும், மோட்டார் போகாத இடங்களுக்கும் போகவல்லதாக ஜீப் வந்ததும் அடுத்த நூற்றாண்டின் கதை. 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆலைகளில் செய்யப்பட்ட அந்தச் சிறு வண்டி, எடையில் ஏறக்குறைய ஒரு டன்னே ஆயினும், யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் உருவாகி உலகத்தின் சேறெல்லாம் கண்டது. யுத்தம் முடிந்ததும் டிஸ்போஸல் ஏலத்தில் விலைபோன ஜீப்புகள் குடகு, சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் புதுவாழ்வு பெற்றன. 1947இல் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் புது ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அறுவர் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, பர்மாக் காடுகளின் வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தது, நெடும்பயண வாகனம் என்ற எண்ணத்தைப் படைவீரனிடமிருந்து சாதாரண மனிதனிடம் கொண்டுவந்த நிகழ்ச்சி.

பெங்களூர் சிவாஜிநகரிலும் ஜே.சி. ரோட்டிலும் உதிரிப்பாகக் கடைகளின் வரிசையில் நடந்து செல்பவர், அந்தப் பழைய ஆராய்ச்சி வேறு பாஷையில் தொடர்வதைக் கேட்கலாம். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூட்டலாமா, ஸ்டெப்னி ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா, மணலில் டயரின் காற்றை எவ்வளவு இறக்குவது, இறக்கிய காற்றை மறுபடி எதனால் ஏற்றுவது என்பவற்றுக்கு அனுபவமுள்ள மெக்கானிக்குகள் தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: புதிதாக மாட்டிய எதையும் நம்பி உடனே புறப்படாதே, பாரம் ஏற்றி, பக்கத்து மலைகளில் சில மாதம் ஓட்டிப் பார்த்து, உடைவது உடையட்டும், பிறகு போ. பழகிய எருதோடு பிணைத்து முதலில் வெறும் கயிற்றோடு நடக்கவிட்ட ஹுன்சூர்க்காரர்களுக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றியிராது. எளிய அமைப்பும், எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் திறந்து பார்க்கக்கூடிய எஞ்சினும் உள்ள பழைய வண்டிகளை, கணினி பொருத்திய புதிய வண்டிகளைவிடச் சிலர் விரும்புவதற்குக் காரணமும், கொள்ளுத் தின்னும் குதிரையைவிடப் புல் தின்னும் எருதை ஹைதர் விரும்பியதற்குக் காரணமும் வேறல்ல.

காவல்களின் பிற்கால வரலாறு சுருக்கமானது. லட்சக்கணக்கான ஏக்கர் பரப்பிலிருந்த புல்வெளிகள் விவசாயத்துக்கும், காடு வளர்ப்புக்கும், குடியேற்றத்துக்கும் என்று சிறிது சிறிதாகக் கைமாறின. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதியில், சித்ரதுர்க்க மாவட்டத்துச் சள்ளகெரெ வட்டத்தில் எஞ்சியிருந்த அமிர்த மகால் காவல்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஏக்கர், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், விண்வெளி நிறுவனம், அணு ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றுக்கு வழங்கப்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு 1,500 ஏக்கர் கிடைத்தது. ஆட்டிடையரும் கம்பளி நெய்வோரும் வாழும் சுற்றுக் கிராமங்கள் எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்றன. ஆளில்லாமல் பறக்கும் விமானங்களைச் சோதிக்கும் களம் 2017இல் அங்கே திறக்கப்பட்டது. படைக்கு வாகனம் வளர்த்த நிலம் படைக்கு வாகனம் சோதிக்கும் நிலமாயிற்று என்று இதை நியாயப்படுத்துவோர் உண்டு. மேய்ப்பர்களுக்கு இந்த நியாயம் சுவைக்கவில்லை.

மந்தை முற்றிலும் மறைந்துவிடவில்லை. சிக்கமகளூர் மாவட்டத்து அஜ்ஜம்புரத்தில் சர்க்காரின் அமிர்த மகால் பண்ணை இருக்கிறது. ஆண்டுதோறும் அமிர்த மகால் காளைக் கன்றுகள் ஏலம் விடப்படுகின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் வரும் சம்சாரிகள், நிறமும் உயரமும் கொம்பின் வளைவும் ஒத்த கன்றுகளை ஜோடி ஜோடியாகப் பார்த்துப் போட்டியிட்டு விலை ஏற்றுகிறார்கள். ஏலத்தில் எடுத்த ஜோடியை வீட்டுக்குக் கொண்டுபோவதே ஒரு வேலைதான். மூக்கணாங்கயிறு அறியாத கன்றுகள் ஆதலால், லாரியில் ஏற்ற ஆறேழு பேர் வேண்டும், இறக்கியபின் முதற்காரியமாகப் பருத்த கம்பம் ஒன்று நடவேண்டும்.